பல் இல்லாத தையல் இயந்திரம்

அம்மா 2017இல் காலமான பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது, உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட சேலைகள் இருந்தன. பட்டும் நூலும் கலந்து நெய்த கூறைநாட்டுச் சேலைகள் நான்கு, சுங்குடிகள் ஆறு. மற்றவையெல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல்சேலைகள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் பழஞ்சேலையை நாலாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பது வழக்கம். அம்மாவும் அப்படிப் பல விரிப்புகள் தைத்தவர்தாம். அதையே சற்றுப் பெரிதாக, என் இரு மகள்களுக்கும் ஆளுக்கொன்றாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினேன். மேலே சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, நடுவில் மெத்தென்ற ஓர் அடுக்கு, அடியில் முழுத் துணி என மூன்றையும் சேர்த்து, பரப்பு முழுவதும் வளைந்து செல்லும் தையலால் பிணைப்பதைக் குயில்டிங் என்கிறார்கள். அந்த வளைகோட்டை இயந்திரத்தில் கைபோன போக்கில் தைப்பதற்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர்.

மன்னார்குடியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ரவிக்கை தைக்கும் அளவுக்குத் தையல் தெரியும். இருந்தும் இந்த வேலைக்கேற்ற இயந்திரத்தைக் கண்டடைய இரண்டு ஆண்டுகள் ஆயின; கொஞ்சம் பணமும் வீணாயிற்று. நான் விசாரித்தவர்களில் பெரும்பாலோர், நல்ல தையலுக்கு எது நல்ல இயந்திரம் என்பதைத்தான் அக்கறையோடு சொன்னார்கள். குயில்டிங்குக்கு வேண்டிய இயந்திரம் வேறு என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது இயந்திரத்தின் வேலை. ஊசித் தட்டின் அடியிலிருந்து எழும்பும் இரும்புப் பற்கள் ஒவ்வொரு தையலுக்கும் ஒரே அளவு துணியைப் பின்னுக்குத் தள்ள, மேலேயுள்ள பாதம் துணியை அந்தப் பற்களோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களை இறக்கிவிட வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும். துணியை நகர்த்துவது முழுக்க முழுக்க நம் இரு கைகள்தான். பேனாவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காகிதத்தை நகர்த்தி எழுதுவதைப் போன்றது இது. ஆகவே தையலின் நீளத்தை முடிவு செய்வது ஊசியின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்த ஒரு கணக்கு. ஊசி நொடிக்கு 5 முறை இறங்கும்போது கை அரை அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்கு 10 தையல் விழும். ஊசியின் வேகம் மாறாமல் கை ஓர் அங்குலம் நகர்ந்தால் 5 தையல்தான் விழும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், மெதுவாகவும் ஒரே சீராகவும் ஓடக்கூடிய இயந்திரம்தான் தேவை என்பதும், எத்தனை வகைத் தையல் போடும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதற்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை என்பதும் தாமாகவே விளங்கும். எனக்கு அது பிந்தித்தான் விளங்கியது.

முதலில் வாங்கியது, ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மின் இயந்திரம். விலை 4000 ரூபாய். ரவிக்கைத் துணியில் ஒழுங்காகத் தைத்தது. மூன்றடுக்குத் துணியை வைத்ததும் மேசையின்மேல் துள்ளியது. பற்களை இறக்க வழியில்லாததால், சீட்டுக்கட்டின் ஒரு சீட்டில் ஊசி இறங்குமளவு துளையிட்டு, அதை ஊசித் தட்டின்மேல் ஒட்டிப் பற்களை மூடினேன். அந்த உபாயம் நன்றாகவே உதவியது. இன்றும் அதை மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் மெதுவாக மிதித்தால் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். சற்று அழுத்தினால் பாய்ந்து ஓடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் அதற்கு இல்லை. அரை மணி நேரத்தில் இயந்திரத்தின் உடல் சூடேறிக் கருகல் வாசம் வந்தது. கடையில் இயந்திரம் பார்ப்பவர்கள் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்கிறார்கள்; எவ்வளவு மெதுவாக ஓடும் என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து, தஞ்சாவூரிலிருக்கும் என் நாத்தனார் தம்முடைய ஜிக்ஜாக் இயந்திரத்தைச் சில மாதங்களுக்கு இரவல் கொடுத்தார். அதன் பின்புறத்தில் பற்களை இறக்கும் சிறு நெம்புகோல் இருந்தது. அதைத் தள்ளியதும் பற்கள் கீழே போய்விட்டன. முதன்முதலாக ஒரு வளைகோடு நான் நினைத்தபடி வந்தது அந்த இயந்திரத்தில்தான். வீட்டில் வேலை செய்யும் ஜிக்ஜாக் இயந்திரமும் தடையில்லாத மின்சாரமும் இருப்பவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பேன். அதில் எனக்கிருந்த குறை இடந்தான். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவிலுள்ள வெளியை அளந்தேன், 6 அங்குலம். கட்டில் அளவு விரிப்பின் பாதியைச் சுருட்டி அந்த 6 அங்குலத்துக்குள் திணித்தால் கையை அசைக்க இடமிருக்காது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டே போனால் சமாளிக்கலாம். ஆனால் தோள்பட்டை இரவெல்லாம் வலிக்கும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் திரும்பி வரும் வரையில் அந்த இயந்திரம் உறை போட்டு மூடிக் கிடக்க, பாதி தைத்த விரிப்பு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்காவின் வீட்டிலிருந்து மட்டும் கால் மெஷின் ஓடும் சத்தம் பகலெல்லாம் கேட்டது. ரவிக்கைகளுக்கு மெஷின் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பவர் அவர். கிழிந்துபோன தார்ப்பாய்களையும் சாக்குகளையும் தெருவாருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கால் மெஷின் தேட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கான விடை முழுவதும் இருந்தது என்பது மட்டும் அன்று புரியவில்லை.

தேடத் தொடங்கிய கதையில் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்தில் பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில், பொன்னிறச் சித்திரங்களோடு இரண்டு பழைய சிங்கர் தலைகள், அதாவது ஸ்டாண்டும் பலகையும் இல்லாத மேல்பகுதி இயந்திரங்கள், இருந்தன. அவற்றில் ஒன்றின் வரிசை எண் ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கும் இரட்டையெழுத்தைக் கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்யப்பட்டவை அவ்வாறு குறிக்கப்பட்டன. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. பழமையின் கவர்ச்சி பெரிது. ஆனால் பெயரும் சித்திரமும் ஒன்றாயிருந்தாலும் சிங்கரின் மாடல்கள் இந்த வேலைக்கு ஒரே தகுதி உடையவை அல்ல. 66ஆம் மாடலின் பழைய தலைகளில் பற்களை இறக்கும் வசதி இல்லை. மேலே தட்டு வைத்து மூட வேண்டும். அடிநூல் சுற்றி வைக்கும் அதன் பாபினும் வேறு அளவு. 201ஆம் மாடலில் பற்களை இறக்கலாம், வலப்பக்க வெளியும் தாராளம். அது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், ஆனால் நம் ஊர்களில் அது அருமையாகத்தான் கண்ணில் படுகிறது. 15ஆம் வகையிலும் 15-91 போன்ற சிலவற்றில் பற்களை இறக்கலாம். இந்த 15ஆம் வகையின் வடிவத்தைப் பின்பற்றியே ஜப்பானிலும் இந்தியாவிலும் ஏராளமான கறுப்பு இயந்திரங்கள் செய்யப்பட்டன என்பதால், அதற்கான ஊசி, பாபின், பாபின் கேஸ், டென்ஷன் ஸ்பிரிங் எல்லாம் இன்றும் சிறு ஊர்க் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நாள்பட உழைக்க வேண்டிய பொருளுக்கு இது முக்கியமானது.

அந்தக் கடையிலிருந்த இரண்டாவது தலையின் சக்கரத்தைச் சுழற்றினால் சக்கரம் மட்டும் சுற்றியது, ஊசி அசையவில்லை. உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமலிருக்கச் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்துவோம் அல்லவா, அதன் உள்ளே சிறு நாக்குகள் கொண்ட ஒரு வட்டத்தகடு இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு மாற்றிப் பொருத்தினால் திருகை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் தண்டைப் பற்றாது. கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. மறுபடி கும்பகோணம் போனபோது அந்தத் தலை விற்றுப்போயிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கை மெஷின்களையும் பார்த்தேன். வலக்கை பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் துணிக்கு இடக்கை மட்டுமே மிஞ்சும் என்பதால் அவற்றை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். தையற்கடைக்காரர் ஒருவர், ஆயத்த ஆடை ஆலைகளில் ஓடும் பவர் மெஷினைப் பரிந்துரைத்தார். அதில் வெளி அதிகம்; ஆனால் நிமிடத்துக்கு 5000 தையல் என்ற வேகத்துக்காகச் செய்யப்பட்ட அதன் பற்களை எளிதில் இறக்க முடியாது, பழைய கிளட்ச் மோட்டார் பூட்டியதாக இருந்தால் வேகத்தை அடக்குவதும் கடினம்.

கடைசியில் எம்பிராய்டரி அக்காவிடமே போய் உட்கார்ந்தேன். அவர் தைப்பதை அருகிலிருந்து பார்த்தபோது வியப்பாக இருந்தது. ஊசித் தட்டின் கீழே பற்களே இல்லை, கழற்றி வைத்துவிட்டார். பாதமும் இல்லை. வளையத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் நகர்த்திக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டே மாங்காயும் கொடியும் போடுகிறார். நான் ஃப்ரீ மோஷன் என்று புதிதாகக் கற்க முயன்றுகொண்டிருந்த வித்தையை நம் ஊர் எம்பிராய்டரிப் பெண்கள் பல காலமாகச் செய்து வருகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கங்களில் தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைகளைத் தைப்பவர்களிடமும் கனத்த துணிகளை அடுக்கி வளைகோட்டில் தைக்கும் அனுபவம் உண்டு. இவர்களிடம் கேட்காமல் நான் கடை கடையாக அலைந்திருக்கிறேன்.

அக்காதான் அந்த மெக்கானிக்கிடம் அழைத்துப்போனார். அறுபது வயதைத் தாண்டியவர்; கடை என்பது வீட்டுத் திண்ணைதான். மூலையில் பழைய உஷா தலை ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது.

“இது எம்பிராய்டரிக்கு ஓடுன ஹெட்டு, டீச்சர். பல்லு இல்ல. அதனாலயே ஒருத்தரும் எடுக்கல” என்றார்.

“பல் வேண்டாங்கய்யா, எனக்கு இதுதான் வேணும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, உடனே விலை பேசாமல், “முதல்ல சக்கரத்த கையால சுத்திப் பாருங்க. கண்ணால பாக்கறதவிட கைக்குத் தெரியும்” என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் இன்றும் பழைய இயந்திரங்களைப் பார்க்கிறேன். சக்கரத்தை நம்மை நோக்கி மெதுவாகச் சுற்றும்போது ஒரு முழுச் சுற்றிலும் கைக்கு ஒரே எதிர்ப்புத் தெரிய வேண்டும். சுற்று முழுவதும் இறுக்கமாக இருந்தால் அது காய்ந்துபோன எண்ணெயாக இருக்கும், சரிசெய்துவிடலாம். ஒரே இடத்தில் மட்டும் இடித்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. ஊசித் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கால் மெஷினில் எம்பிராய்டரி போட்டவர்கள் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதால் தண்டும், ஊசி கொண்டுவரும் நூலை அடியில் பிடிக்கும் ஷட்டிலும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. எனவே ஷட்டிலை வெளியே எடுத்து அதன் கூர்நுனியை நகத்தில் உரசிப் பார்க்க வேண்டும். துருவோ பிசிறோ இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நான் பார்த்த தலையில் ஷட்டில் தேய்ந்திருந்தது. புதிய ஷட்டிலும் புதிய பாபின் கேஸும் போட்டு, கழற்றி வைத்த பற்களையும் ஒரு பவுடர் டப்பாவிலிருந்து தேடியெடுத்துக் கொடுத்து, தலைக்கு மட்டும் 1800 ரூபாய் வாங்கினார். ஸ்டாண்டும் பலகையும் எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தன.

இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் நிச்சயமாக ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு முழ நீள அகலத்தில், தாம் தைக்கப்போகும் அதே மூன்று அடுக்குகளையும் ஊக்குக் குத்தி ஒரு துண்டாகச் செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் தம்மிடமிருக்கும் ஒற்றைத் துணியில் தைத்துக் காட்டினால் எல்லா இயந்திரமும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் துண்டை வைத்து, பற்களை இறக்கியோ சீட்டால் மூடியோ, எட்டு எட்டாக வளைத்துத் தைத்துவிட்டு, துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதல் இயந்திரத்தை வாங்கியபோது நான் இதைச் செய்திருந்தால் 4000 ரூபாய் போயிருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த தலையைச் சுத்தம் செய்ய மூன்று நாள் பிடித்தது. யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். அது காய்ந்து பிசினாகி எண்ணெய்த் துளைகளை அடைத்திருந்தது. சமையலறை எண்ணெய் எதையும் தையல் இயந்திரத்தில் விடக் கூடாது. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, வெயிலில் வைத்துச் சூடேற்றி, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, பழைய பல்துலக்கியால் அழுக்கை வழித்த பிறகு மெஷின் எண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தடுக்காது. அது ஆவியானபின் எண்ணெய் விடாமல் ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசும். பொன்னிறச் சித்திரத்தின்மேல் தின்னரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது, சித்திரம் கரைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஊர் ஈரக்காற்று இரும்பைச் சும்மா விடுவதில்லை என்பதால், அந்த மாதங்களில் தைத்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஊசித் தட்டையும் ஷட்டில் பாதையையும் துடைத்து வைக்கிறேன். தோல் பெல்ட்டும் அப்போது தளர்ந்து நழுவும். அரை அங்குலம் வெட்டிக் கம்பியை மறுபடி மாட்டினால் பிடித்துக்கொள்ளும்.

காலால் மிதித்துத் தைக்கத் தொடங்கிய பிறகுதான் வேகக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்தது. என் இயந்திரத்தில் ஒரு மிதிக்கு நாலைந்து தையல் விழுகிறது. மிதிக்கும் காலின் தாளம் ஒன்றாக இருக்கும்வரை ஊசியின் வேகமும் மாறாது. கை மட்டும் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். நூல் கோக்காமல், வெறும் காகிதத்தில் ஊசித்துளை விழச் செய்து ஒரு வாரம் பழகினேன். துளைகளின் இடைவெளியைப் பார்த்தாலே கை எங்கே அவசரப்பட்டது என்பது தெரிந்துவிடும். சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் அறும் என்பதால், ஒவ்வொரு முறையும் வலக்கையால் சக்கரத்தை நம் பக்கம் இழுத்துவிட்டு மிதிக்கத் தொடங்குவது நல்லது.

அக்காவைப் போலப் பாதமே இல்லாமல் தைக்க முயன்றபோது தையல் விட்டுவிட்டு விழுந்தது. வளையம் இல்லாததால் ஊசி மேலேறும்போது துணியும் கூடவே எழும்புகிறது. அடியில் நூல்வளையம் சரியாக உருவாகாததால் ஷட்டில் அதைப் பிடிப்பதில்லை. ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் ஒன்றை வாங்கி மாட்டியதும் அது தீர்ந்தது. ஊசி இறங்கும்போது துணியை அழுத்தி, ஏறும்போது தானும் எழும்பி வழிவிடும் பாதம் அது. வாங்கும்போது பழைய பாதத்தையும் எடுத்துச் சென்று, திருகு மாட்டும் இடத்தின் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். உயரமான தண்டுக்குரிய பாதம் தாழ்ந்த தண்டுக்குச் சேராது.

நான் அதிகம் தவித்தது ஒரு சின்ன மறதியால். பாதம் துணியின்மேல் அழுத்தாமல் தொங்குவதால், பாதத் தண்டின் நெம்புகோலை இறக்கிவிட்டோமா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மேலே இருந்தால் டென்ஷன் தகடுகள் விரிந்திருக்கும். மேல்நூலுக்குப் பிடிப்பே இருக்காது. அடிப்பக்கத்தில் தூக்கணாங்குருவிக் கூடுபோல நூல் சிக்கும். இரண்டு நாள் பாபின் கேஸைக் குடைந்துகொண்டிருந்தேன். தவறு மேலே இருந்தது. தொடங்கும்போது அடிநூலை மேலே இழுத்து, இரு நூல்முனைகளையும் விரலில் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையல் போட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் மட்டும் அடிநூல் கண்ணிமைமயிர்போல வரிசையாகத் தெரிந்தால் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம். வளைவில் கை ஊசியை முந்திக்கொண்டு போகிறது.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சை உதிரியாகப் போட்டது இன்னொரு தவறு. தைக்கத் தைக்க அது ஓரிடத்தில் திரண்டது. பிறகு நைந்த வேட்டிகளை இரட்டையாக விரித்தேன். நம் வெக்கைக்கு அந்தக் கனமே போதும், ஊசிக்கும் சுமையில்லை. 14ஆம் எண் ஊசியில் தைக்கிறேன். கூறைநாட்டுச் சேலையின் தடித்த கரை வரும் இடங்களில் மட்டும் 16. ஊசியின் நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்க, வங்கியில் ரூபாய் எண்ணுபவர்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் விரலுறை இரண்டு வாங்கினேன். இயந்திரத்தின் இடப்பக்கம் ஒரு பெஞ்சைச் சமமான உயரத்தில் போட்டு விரிப்பின் கனத்தைத் தாங்கச் செய்ததில் தையலும் சீரானது, என் தோளும் பிழைத்தது. விரிப்பு கீழே தொங்கி இழுத்தால் எந்தக் கையாலும் தையலை ஒரே அளவில் வைக்க முடியாது. என் இயந்திரத்தில் வலப்பக்க வெளி 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரவல் இயந்திரத்தைவிட அதிகம், நான் விரும்பும் அளவைவிடக் குறைவு. விரிப்பைக் கால்வாசி கால்வாசியாகத் தைத்துப் பிறகு இணைப்பதால் அதைச் சமாளிக்கிறேன்.

எந்த உருவத்தைத் தைப்பது என்பதில் மட்டும் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஒரே கோட்டில் தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலத்தில் நூலை எங்கும் அறுக்க வேண்டியதில்லை. சுண்ணக்கட்டியால் 7 புள்ளி நேர்வரிசை வைத்துக்கொண்டு, அம்மா மார்கழியில் போடும் கோலத்தை அப்படியே துணியில் ஓட்டினேன். முதல் விரிப்பு 2019 ஆடியில் முடிந்தது. பெரியவளின் விரிப்பில் இரண்டு இடங்களில் கோடு புள்ளியின்மேலேயே ஏறிவிட்டது. பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம்மா, பாட்டியும் அந்த மூலையில அப்படித்தான் போடுவாங்க” என்றாள்.